ஆரியா!

ராயபுரத்தில் கஸ்பார் மாஸ்டரின் கமர்ஷியல் ஆர்ட் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டது கோடு போடுவதை அல்ல. எப்போது கோடு போடக் கூடாது என்பதை. வகுப்பு ஒரு லித்தோ அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே மிஷின் ஓடும்போது, ஒவ்வொரு தாள் விழும்போதும் மாடி முழுவதும் ஒருதரம் குலுங்கும். அந்த நேரம் பார்த்து பிரஷ்ஷைத் தாளில் வைத்திருந்தால் நிமிர்ந்து நிற்க வேண்டிய 'க'கள் குடித்தவன் மாதிரி சாய்ந்துவிடும். இரண்டு குலுக்கலுக்கு நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம்தான் கிடைக்கும். அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டை இழுத்து முடித்துவிட வேண்டும். இப்படியே ஒன்பது மாணவர்களும் பற்பொடி, பீடி, சாயத்தூள், ஊதுபத்தி என்று லேபிள் லேபிளாக எழுதித் தள்ளினார்கள்.

மங்கம்மாவுக்கு அந்தக் குலுக்கல் ஒரு பொருட்டே இல்லை. கடலோரக் குப்பத்துப் பெண்; அவளுடைய பெரியப்பாக்கள் இன்னமும் கட்டுமரம் ஏறுகிறவர்கள். அவளுக்கு வயது இருபது. கை சுத்தம், கண் கூர்மை, கோபம் மட்டும் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து மேஜையில் ஹில்டா. ரயில்வே கார்டு மகள். எழுத்து எழுதுவதில் அந்த மாடியிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஜன்னலோரம் சௌக்கத் அலி. அவன் எதை வரைந்தாலும் அழகாக வந்துவிடும். மூட்டைப்பூச்சி மருந்துக்கு விளம்பரம் போடச் சொன்னால் மூட்டைப்பூச்சியைக்கூட மாப்பிள்ளை மாதிரி வரைந்து வைப்பான்.

மாஸ்டர் கெட்டிக்காரர். அதை யாரும் மறுக்க முடியாது. ஓடுகிறவனை நிறுத்துகிற காகிதத்துக்குப் பெயர்தான் போஸ்டர் என்பார். நாலு வார்த்தைக்கு மேல் போனால் அது போஸ்டர் இல்லை, கடுதாசி என்பார். சனிக்கிழமைதோறும் எல்லோரும் தங்கள் வேலையைச் சுவரில் குத்தி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலையில் ஒரு குறையாவது சொல்ல வேண்டும். குறை சொல்லத் தெரியாதவனுக்குத் திருத்தவும் தெரியாது என்பது அவர் கட்சி.

எல்லாம் சரி. ஆனால் தமிழ் விஷயத்தில் மட்டும் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். மாடிப்படி ஏறியதும் 'இன்னா'வும் 'கீது'வும் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட வேண்டும். தவறி வாயில் வந்துவிட்டால், சரியான சொல்லை ஐம்பது தடவை அச்செழுத்து மாதிரி எழுதிக் காட்ட வேண்டும். 'இருக்கிறது' என்ற சொல்லை அந்த வகுப்பில் மங்கம்மா அளவுக்கு அழகாக எழுதக்கூடியவர்கள் யாருமில்லை என்றால் காரணம் அதுதான். மாஸ்டருக்கு எந்த ஊர் என்று கேட்டால், "தெற்கே" என்று பொதுவாகக் கையைக் காட்டுவார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியமில்லை.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய கம்பெனி யார்டில் ஒரு ஆள் செத்துப்போனான். கப்பலில் வந்த மூட்டைகளை அடுக்கி வைத்து, கிரேனில் தூக்கி லாரியில் இறக்குகிற யார்டு அது. மங்கம்மாவின் அப்பா மாரியப்பனுக்கு அங்கேதான் வேலை. கிரேன்காரன் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பான். கீழே நடப்பது அவனுக்குப் பாதிதான் தெரியும். அவனுக்குக் கையை ஆட்டி, குரல் கொடுத்து, பாரத்தைத் தூக்கவும் இறக்கவும் சொல்கிறவர் மாரியப்பன். தூக்க வேண்டுமென்றால் "ஆபீஸ்!" என்பார். இறக்க வேண்டுமென்றால் "ஆரியா!" என்பார். அவை எந்த ஊர்ச் சொற்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலிருந்தோ இறங்கி வந்து இங்கேயே தங்கிவிட்ட சொற்கள். ஹார்பரில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும், தமிழோ தெலுங்கோ உருதுவோ எது பேசினாலும், "ஆரியா" என்றால் ஒரே அர்த்தம்தான்: தலைக்கு மேலே பாரம் வருகிறது, விலகு.

செத்துப்போன கோதண்டத்துக்கு அது தெரியாது. வேலைக்கு வந்து இரண்டாவது நாள். மாரியப்பன் "ஆரியா!" என்று கத்தியபோது எல்லோரும் விலகினார்கள். அவன் மட்டும், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு மூட்டை.

"நான் கத்தினேன்மா," என்று அன்றைக்கு மாரியப்பன் வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். "நல்லாத்தான் கத்தினேன். அவன் யாரையோ தேடிகினு நின்னான்மா." தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மங்கம்மா அப்பாவைத் தேற்றவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது. கம்பெனியின் லேபர் ஆபீசர், யார்டில் ஒட்டுவதற்கு எச்சரிக்கைப் போஸ்டர் வேண்டுமென்று கீழே அச்சகத்துக்கு ஆள் அனுப்பினார். அச்சகத்துக்காரர் மாஸ்டரிடம் சொல்ல, மாஸ்டர் அதையே வகுப்புக்குப் பரீட்சையாக வைத்துவிட்டார். இரண்டே நிறம். பெரிய தாள். வாசகத்தைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. மாஸ்டர் அதைக் கரும்பலகையில் எழுதினார்:

'பளு இறக்கப்படும் வேளையில் தொழிலாளர் அனைவரும் அப்பால் விலகி நிற்றல் வேண்டும்.'

மங்கம்மா விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது வார்த்தை. இதைப் படித்து முடிப்பதற்குள் மூட்டை தரைக்கு வந்து, ஆளைத் தூக்கிக்கொண்டும் போய்விடுவார்கள்.

அவள் வாசகத்தைப் பற்றி அப்போது வாயைத் திறக்கவில்லை. படத்தில் இறங்கினாள். முதலில் கிரேன், கயிறு, மூட்டை, கீழே ஒரு ஆள் என்று பக்கவாட்டில் வரைந்தாள். யாரோ சாவகாசமாகத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. கிழித்தாள். அப்புறம் மேலேயிருந்து வரைந்தாள். அது கிரேன்காரனுடைய கண். அவனுக்கு எதற்குப் போஸ்டர்? அதையும் கிழித்தாள்.

"கீழேருந்து பாக்கணும்டி," என்றாள் ஹில்டாவிடம். "அவன் நின்ன எடத்துலேருந்து."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாஸ்டர் வெளியே போயிருந்தபோது, ஒரு கோணிப்பையில் கிழிந்த காகிதத்தையெல்லாம் அடைத்துக் கயிறு கட்டினார்கள். ஹில்டா ஸ்டூல் மேல் ஏறி நின்று உத்தரத்து வளையத்தில் கயிற்றைக் கோத்துப் பிடித்துக்கொள்ள, மங்கம்மா தரையில் மல்லாந்து படுத்து அட்டையை மார்பில் வைத்துக்கொண்டு வரைந்தாள். கீழே மிஷின் குலுங்கும்போதெல்லாம் மேலே கோணிப்பை ஆடியது.

சௌக்கத் அலி எட்டிப் பார்த்தான். "இன்னா மங்கம்மா, வானத்துல பலாப்பழமா?"

"ஆமா, வாயைத் தொற, போடறேன்."

ஆனால் அவன் சொன்னது சரிதான். பலாப்பழம் மாதிரிதான் இருந்தது. பயம் வரவில்லை. ஹில்டாவைக் கயிற்றை இன்னும் விடச் சொன்னாள், இன்னும், இன்னும். பை முகத்துக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பாரம் பயமுறுத்துவதில்லை. அதைச் சுற்றித் தெரிகிற வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறதே, அதுதான் பயம். பெரிய தாளை எடுத்து ஏறக்குறைய முழுவதையும் கறுப்பால் நிரப்பினாள். மூட்டைகளின் அடிப்பக்கம், அவற்றை இறுக்கிப் பிடித்த கயிறு, ஓரத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை. பார்க்கிறவன் தலைமேல் அந்தத் தாளே இறங்கிவிடும் போலிருந்தது.

எழுத்துக்கு ஹில்டாவோடு மூன்று நாள் சண்டை. மங்கம்மா 'ஆ'வின் சுழியைக் கிரேன் கொக்கியாக வளைத்து வைத்திருந்தாள். "வித்தை காட்டாதே. கொக்கி தெரியுது, எழுத்து தெரியல," என்று ஹில்டா அதன் மேல் வெள்ளையை அடித்துவிட்டாள். மங்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது ஹில்டா சொன்னது நியாயமாகப்பட்டது. கடைசியில் எழுத்துக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினார்கள்: மேலே சின்னதாக 'ஆ', நடுவில் பெரிதாக 'ரி', அடியில் தாளின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு 'யா'. எல்லாம் கறுப்பின் மேல் சிவப்பு. அடியில் சின்ன எழுத்தில் கம்பெனி பெயர். வேறு வார்த்தை கிடையாது.

சனிக்கிழமை சுவரில் ஒன்பது போஸ்டர்கள் ஏறின. சௌக்கத் அலியுடையது எல்லோர் கண்ணையும் இழுத்தது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு தொழிலாளி கையை உயர்த்தி நிற்கிறான், பின்னால் கப்பல், கீழே ஒன்பது வார்த்தைகளும் முத்துக் கோத்தாற்போல. மாஸ்டர் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு மங்கம்மாவுடையதன் எதிரில் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்து போனது; கெட்டித்தனத்தை இனம் கண்டுகொண்ட முகம். அதைச் சட்டென்று துடைத்துப் போட்டுவிட்டு, "இது என்ன சொல்?" என்றார்.

"ஆரியா, சார். பாரம் எறங்குதுன்னு அர்த்தம்."

"எந்த அகராதியில்?"

"யார்டுல, சார்."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "தேர்தல் முடிந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஆரியன், திராவிடன் என்றுதான் எழுதியிருக்கிறது. நீ கறுப்பும் சிவப்புமாக, கொட்டை எழுத்தில், 'ஆரியா' என்று கூப்பிடுகிறாய். அதோடு விட்டாயா? அவன் தலையில் பன்னிரண்டு மூட்டையை வேறு போடுகிறாய். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

ஹில்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மங்கம்மாவுக்கு அது அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. இரண்டே நிறம் என்றார்கள். கறுப்பும் சிவப்பும்தான் தூரத்திலிருந்து தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவரே மாஸ்டர்தான். பிறந்ததிலிருந்து அவள் காதில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாஸ்டர் அடுத்துச் சொன்னது சிரிப்பை முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தியது.

"சொல்லை எடுத்துவிட்டுக் கம்பெனி வாசகத்தைப் போடு. படம் நன்றாக இருக்கிறது, அதைக் கெடுக்காதே. கூலிக்காரர்கள் கத்துகிற கொச்சையையெல்லாம் அச்சில் ஏற்றினால் நம் வகுப்பைப் பார்த்து ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். கோதண்டம்னு ஒரு ஆளு, அந்த வார்த்த தெரியாம செத்துட்டான். தெரிஞ்சவன் யாரும் சாவல. புதுசா வர்றவனுக்கு அந்த ஒரு வார்த்தையத்தான் சார் சொல்லிக் குடுக்கணும். ஒம்பது வார்த்தைய குடுத்து இன்னா பண்றது? நாலுக்கு மேல போனா கடுதாசின்னு நீங்கதான சொன்னீங்க?"

"'என்ன பண்ணுவது.' ஐம்பது தடவை எழுது."

"நூறு தடவை எழுதறேன். வார்த்தைய மாத்த மாட்டேன்."

மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. இரண்டு வருஷமாக அந்த வகுப்பில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "திங்கட்கிழமை காலையில் எட்டு மணிக்கு நான் யார்டுக்குப் போகிறேன். சௌக்கத் அலியின் போஸ்டரைக் காட்டப் போகிறேன். நீ சொல்லை மாற்றிக்கொண்டு வந்தால் உன்னுடையதையும் காட்டுவேன். மாற்றாவிட்டால் அப்புறம் இந்த மாடிப்படி ஏற வேண்டாம்," என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

படி இறங்கும்போது சௌக்கத் அலி கூடவே வந்தான். "என்னுது அழகா கீது. உன்னுது பயமா கீது," என்றான். "அவுங்க கேட்டது பயமா கீறதுதான். எனக்குத் தெரியுது. ஆனா மாஸ்டர்கிட்ட வம்பு வச்சிக்காதே மங்கம்மா. இன்னும் நாலே மாசம். சர்ட்டிபிகேட் கைக்கு வந்துட்டா அப்பால எத்த வேணாலும் எழுது."

நாலே மாதம். அது அவளுக்கும் தெரியும். குப்பத்திலிருந்து பிரஷ் பிடிக்க வந்த முதல் பெண் அவள். இந்த மாடி போனால் மீன் கூடைதான். மீன் கூடை கேவலம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவளுக்கு வரைய வேண்டும். பசி மாதிரி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளைச் சாயத்தைக் குழைத்துக்கூட வைத்துவிட்டாள். மூன்றே எழுத்து. மூன்று எண்ணுகிற நேரத்தில் அழித்துவிடலாம்.

மாரியப்பன் குளித்துவிட்டு வந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கறுப்பையும் ஓரத்து வெள்ளையையும்தான் பார்த்தார். ஈரத் துண்டோடு அப்படியே நின்றார்.

"அவன் மேல பாத்திருந்தா இதுதான் தெரிஞ்சிருக்கும்," என்றார். "பாக்கலியே அவன்."

"என்னா எழுதியிருக்கேன்னு கேக்கலியே நைனா?"

"நீயே சொல்லு."

சொன்னாள், மெதுவாக. அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தயா அழிக்கச் சொல்றாங்க?" என்றார். "அழிக்காத. உங்க மாஸ்டரு வோணாம்னா வேற எடம் பாத்துக்கலாம். நான் இப்பல்லாம் ரெண்டு தரம் கத்தறேன் தெரியுமா? பயம். புது ஆளு எவனாவது நின்னுகினு கீறானோன்னு."

மங்கம்மா குழைத்த வெள்ளையைச் சாக்கடையில் கொட்டினாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு யார்டின் கேட்டில் மாஸ்டர் சௌக்கத் அலியின் போஸ்டரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். மங்கம்மா தன் தாளோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் கேள்வியாகப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவளும் பின்னாலேயே போனாள். கேட்டில் நின்றவன் மாரியப்பன் மகள் என்று தெரிந்ததால் தடுக்கவில்லை.

லேபர் ஆபீசர் பெஞ்சின் மேல் சௌக்கத் அலியின் போஸ்டரை விரித்துப் பார்த்து, "பிரமாதம்," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நல்ல துணியில் கோட்டு, பளபளக்கிற ஷூ, யாரையும் அதட்டாத குரல். வந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னொரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்து, "இது யார்?" என்றார்.

"என் போஸ்டரும் கீது சார். மாஸ்டருக்குப் புடிக்கல. உங்களுக்கும் புடிக்காது," என்றாள் மங்கம்மா. "ஆனா ஒட்டப் போறது உங்களுக்காகவும் இல்ல, மாஸ்டருக்காகவும் இல்ல. தோ, ஷிப்ட்டுக்கு நிக்கறாங்களே, அவுங்களுக்கு. அவுங்ககிட்ட ரெண்டையும் படிச்சிக் காட்டலாம் சார். எத கேட்டு எவன் நகர்றான்னு பாருங்க. யாருமே நகரலன்னா நானே கிழிச்சிப் போட்டுட்டுப் போறேன்."

"மங்கம்மா!" என்றார் மாஸ்டர்.

ஆபீசருக்கு வேடிக்கையாக இருந்தது. காலை வேளை, மனசும் லேசாக இருந்திருக்கும். "சரி, படிக்கட்டுமே," என்றார்.

சங்கு ஊதுவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கிரேனுக்குக் கொஞ்சம் தள்ளி, வெட்டவெளியில் அறுபது பேர் போலக் கூடியிருந்தார்கள். அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஹபீபுல்லா. டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் படித்துச் சொல்கிறவர். அவரைப் பிடித்தார்கள். ஆபீசரும் மாஸ்டரும் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்கள். ஹபீபுல்லா சௌக்கத் அலியின் போஸ்டரை உயர்த்திப் பிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் படித்தார்: "பளு இறக்கப்படும் வேளையில் தொழிலாளர் அனைவரும் அப்பால் விலகி நிற்றல் வேண்டும்."

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரும் ஓர் அங்குலம் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "எங்க பாய் மீட்டிங்கு? எந்தக் கட்சி?" என்றது.

மங்கம்மா தன்னுடையதை நீட்டினாள். ஹபீபுல்லா மேலேயிருந்து கீழே பார்த்தார். மூன்று எழுத்துதான். மேலே சின்னது, நடுவில் பெரியது, அடியில் தாளையே அடைத்த 'யா'. அதை எப்படி எழுதியிருந்ததோ அப்படியே படித்தார். வேறு எப்படியும் அதைப் படிக்க முடியாது.

"ஆரியாஆஆ!"

அறுபது பேரும் பின்னால் பாய்ந்தார்கள். அறுபது தலையும் மேலே நிமிர்ந்தது. மேலே ஒன்றுமே இல்லை, வெறும் வானமும் நாலு காக்காயும். நடுவில் வட்டமாக இடம் காலியாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒருவர் லேபர் ஆபீசர். என்ன ஆயிற்று என்று புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவன் தோளில் புதுத் துண்டோடு ஒரு வெளியூர்ப் பையன்; யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஸ்பார் மாஸ்டர் வட்டத்தில் இல்லை. அவர் எல்லோருக்கும் முந்தி, பத்தடி பின்னால், ஒரு மூட்டை அடுக்கோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். முகம் மேலே நிமிர்ந்திருந்தது. கஞ்சி போட்ட சட்டையில் சாக்குத் தூசி. தெற்கே எந்த ஊரிலும் கால்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மங்கம்மா பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்தது.

அவளுக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. வட்டத்தின் ஓரத்துக்கு வந்து ஆபீசரைப் பார்த்தாள்.

"இப்ப ரெண்டு பேரு செத்தீங்க சார். அவன் இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தான். நீங்க வந்து ஒரு வருசமாவுது."

ஆபீசரின் முகம் கன்றிப்போயிற்று. "அந்த ஆள் கத்தினான். கத்தினால் யாரும் ஓடத்தான் செய்வார்கள்," என்றார். பிறகு, தான் சொன்னதில் இருந்த ஓட்டை தனக்கே தெரிந்துவிட்டதால், இன்னும் கடுமையாக, "இந்த மாதிரி ஒரு சொல்லோடு கம்பெனியின் பெயர் அச்சாக நான் அனுமதிக்க முடியாது. ஊர் இருக்கிற நிலைமையில் நாளைக்கே வாசலில் கொடி பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். முடியாது என்றால் முடியாது," என்றார்.

"பேரு தான சார் வோணாம்?"

மங்கம்மா பையிலிருந்து காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். தாளைப் பெஞ்சின் மேல் போட்டு, அடியிலிருந்த கம்பெனி பெயரை மட்டும் ஒரே இழுப்பில் வெட்டினாள். நேர்கோடு, அளவுகோல்கூட வைக்கவில்லை. வெட்டிய துண்டை இரண்டு கையாலும் மரியாதையாக ஆபீசரிடம் கொடுத்தாள். "உங்க சுவரும் வோணாம். தெருச் சுவரு கீது," என்றாள்.

கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், எந்தக் கட்சியும் பாக்கி வைக்காமல் ஒட்டித் தீர்த்த நீளமான சுவர் ஒன்று இருந்தது. வேலைக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற பசை வாளியை ஹபீபுல்லா தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாதிக் கூட்டம். அந்தப் புதுப் பையனையும் தோளில் கை போட்டு இழுத்து வந்து, "ஆரியான்னா இன்னா? சொல்லு," என்று ஒருவன் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தான்.

மங்கம்மா பசையை அடித்துத் தாளைச் சுவரில் ஏற்றினாள். பக்கத்தில் நிழல் விழுந்தது. மாஸ்டர். சட்டைத் தூசியை அவர் தட்டியிருக்கவில்லை.

"மாத்திகினு வா, இல்லாட்டி படி ஏறாதேன்னீங்க," என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "மாத்தல சார்."

மாஸ்டர் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வகுப்பில் சொல்கிற அதே குரலில், "'ரி'க்குப் பக்கத்தில் காற்றுக் குமிழி இருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே நீவி விடு. சாயங்காலத்துக்குள் இதையே அச்சுக்கல்லில் வரைந்து ஏற்றினால் நாளைக்கு இன்னும் ஐம்பது போடலாம்," என்றார். அவள் நீவினாள். குமிழி கடைசியில் போயிற்று.

சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். திறந்திருந்த கேட்டின் வழியாக மங்கம்மாவுக்கு யார்டு முழுவதும் தெரிந்தது. லேபர் ஆபீசர் தன் அறைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். கையில் கம்பெனி பெயர் எழுதிய காகிதத் துண்டு. கிரேன் அன்றைய முதல் பாரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. மாரியப்பன் ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று, கையை உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் குரல் கொடுத்தார்.

"ஆரியா!"

பாரம் இறங்கிய இடம் வேறு. ஆபீசருக்கும் அதற்கும் நடுவே இருபது அடி இருந்தது. இருந்தாலும் அந்தப் பளபளக்கிற ஷூ இரண்டும் பின்னால் துள்ளின. அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பி, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.